எடிட்டரைப் பழக்குவதும் எடிட்டருக்குப் பழகுவதும்

சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், என் அக்காவின் மகன் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு களுவாஞ்சிகுடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் இரண்டாம் வருடம் படிக்கின்றவன். நிரல் எழுதப் பயன்படும் நியோவிம் என்ற எடிட்டருக்குள், அது எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் ஏறத்தாழ 800 வரி அமைப்புக் கோப்பு ஒன்றைப் போட்டிருந்தான். யாரோ ஒரு வெளிநாட்டு நிரலாளர் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இட்டிருந்ததை அப்படியே இறக்கியது அது. இடப்பக்கத்தில் கோப்புகளின் மரம், கீழே வண்ணப் பட்டை, தட்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் மேலெழும் சிறு பெட்டி என்று திரை பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. "வடிவாத்தான் இரிக்கு மாமா, ஆனா ஒண்டும் எழுத ஏலாமக் கிடக்கு" என்றான்.

அவனை நான் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ளும் தகுதியும் எனக்கு இல்லை. பத்து வருடங்களுக்கு முன்னர் நானும் இதையேதான் செய்தேன். மொபைல் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்த அந்தக் காலத்தில், பிறர் எழுதிய ஒரு கோப்பையும் அது கேட்ட முப்பதுக்கு மேற்பட்ட பிளக்கின்களையும், அதாவது எடிட்டரோடு சேர்க்கும் துணை நிரல்களையும், இறக்கி வைத்துக்கொண்டு, நிரலாளனாகவே ஆகிவிட்டதாக எண்ணித் திரிந்தேன். ஒரு வேலையை ஒப்படைக்க வேண்டியிருந்த நாளுக்கு முந்திய இரவில், அவற்றுள் ஒன்று தன்னைப் புதுப்பித்துக்கொண்டு இன்னொன்றோடு ஒத்துவராமற் போக, எந்தக் கீயை அழுத்தினாலும் சிவப்பு நிறத்தில் பிழைச் செய்தி வரத் தொடங்கியது. அந்தக் கோப்பில் எந்த வரி எதைச் செய்கிறது என்று எனக்குத் தெரியாதபடியால், எந்த வரியை எடுத்தால் சரியாகும் என்பதும் தெரியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நானோ என்ற மிக எளிய எடிட்டரில் விடியும்வரை இருந்து வேலையை முடித்தேன்.

அந்த இரவுக்குப் பிறகு எனக்கு விளங்கியதைத்தான் மருமகனுக்குச் சொன்னேன். ஒருவருடைய அமைப்புக் கோப்பு என்பது அவர் பல வருடங்களாக எங்கெங்கே இடறினார் என்பதன் கணக்கு. நாம் இன்னும் நடக்கவே தொடங்காதபோது அவருடைய இடறல்களை வாங்கி வைத்துக்கொள்வதால் பயன் எதுவும் இல்லை. முதலில் நாம் எடிட்டருக்குப் பழக வேண்டும். அதை நமக்குப் பழக்குவது அதன் பின்னர் வரும் வேலை.

இதற்கு ஒரு படி முன்னர் விரல்கள் இருக்கின்றன. கீபோர்டைப் பார்க்காமல் தட்டப் பழகாதவருக்கு எந்த எடிட்டரும் வேகத்தைக் கொடுக்காது. இந்த ஒரு விடயத்தில் எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை ஒரு தட்டச்சுக் கடையில் நின்று, பாடசாலைகளின் தவணைப் பரீட்சை வினாத்தாள்களைப் பாமினி எழுத்துருவில் தட்டிக்கொடுத்தேன். பாமினி தெரிந்தவர்களுக்கு ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அதில் 'தமிழ்' என்று எழுதுவதற்கு ஆங்கிலக் கீக்களில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்தையும் வரிசையாக அழுத்த வேண்டும். நியோவிம்முக்கு மூலமாகிய விம் எடிட்டரில், சில வரிகள் உள்ள ஒரு கோப்பைத் திறந்தவுடன் இதே ஐந்தையும் அழுத்திப் பாருங்கள். விம் திறப்பது கட்டளை நிலையில்; அங்கே கீக்கள் எழுத்தைப் போடாமல் கட்டளைகளாக வேலை செய்யும். கர்சர் ஒரு வரி கீழே இறங்கும், மீண்டும் மேலே ஏறும், முன்னர் நகலெடுத்து வைத்தது ஏதும் இருந்தால் அது ஒட்டப்படும், அதன்பின் ஒரு புது வரி திறந்து அதில் ஓர் அரைப்புள்ளி விழும். விம்மை நான் முதன்முதலில் திறந்த நாளில் விரற்பழக்கத்தில் இதைத்தான் செய்தேன். திரையில் நடந்தது எனக்குச் சூனியம் போலவே இருந்தது. பிறகு வெளியேறும் வழி தெரியாமல் கணினியை நிறுத்திய கதை எல்லோருக்கும் உள்ளதுதான், அதை விட்டுவிடுவோம்.

ஒரு கீ ஏன் எழுத்தைப் போடாமல் கர்சரை நகர்த்த வேண்டும் என்ற கேள்விக்கு விடை வரலாற்றில் இருக்கிறது. விம்முக்கு மூத்ததாகிய வீஐ எடிட்டரை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் மாணவராக இருந்த பில் ஜோய் 1976ஆம் ஆண்டளவில் எழுதினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்ற, திரையும் கீபோர்டும் சேர்ந்த கணினி முனையத்தில் தனியான அம்புக் கீக்கள் இருக்கவில்லை; எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு எழுத்துக் கீக்களின் மேலேயே அம்புக் குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்குத் திரும்ப அழுத்தும் எஸ்கேப், இன்று டாப் கீ இருக்கும் இடத்தில் அன்று இருந்தது. ஆகவே இன்று நம் சுண்டுவிரல் மூலைக்கு நீண்டு தேடும் அந்தக் கீ, அவருக்குக் கைக்கு அருகிலேயே இருந்தது. அத்துடன் வீட்டிலிருந்து அவர் வேலை செய்தது 300 போட் என்ற மிக மெதுவான வேகமுள்ள ஒரு மோடத்தின் ஊடாக. அனுப்பும் ஒவ்வோர் எழுத்துக்கும் நேரம் பிடித்தபடியால், கட்டளைகளை ஓரெழுத்தில் முடிக்க வேண்டிய தேவை இருந்தது.

அரை நூற்றாண்டுக்கு முந்திய அந்தத் தேவை இன்று ஒழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள், மட்டக்களப்பு வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு நாள் வந்து வேலை செய்து பார்க்கலாம். வயல் வேலை நாட்களில் வெல்லாவெளிப் பக்கமுள்ள எங்கள் வாடியில் இருந்தபடியே சிங்கப்பூரில் உள்ள ஒரு சேர்வரில், அதாவது இணையத்தின் ஊடாகச் சேரும் தூரத்துக் கணினியில், திருத்தம் செய்ய வேண்டி வருவதுண்டு. சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கி நிற்கும்போது, அம்புக் கீயை நாற்பது தரம் அழுத்தினால் கர்சர் நாற்பது தரம் கடலைத் தாண்டிப் போய் வர வேண்டும். எஃப் என்ற எழுத்தைத் தட்டி, அடுத்து நான் போக விரும்பும் எழுத்தைத் தட்டினால், கர்சர் அதே வரியில் அந்த எழுத்துக்கு ஒரே பாய்ச்சலில் போய் நிற்கும். நூற்றிருபதாம் வரிக்குப் போக 120 என்று தட்டிப் பெரிய ஜீ ஒன்றைப் போட்டால் போதும். பில் ஜோயின் மோடமும் எங்கள் வாடியின் சிக்னலும் ஏறத்தாழ ஒரே புத்தியைத்தான் கற்பிக்கின்றன.

வீஐ வழியில் வந்த எடிட்டர்களைக் கீக்களின் பட்டியலாக மனப்பாடம் செய்ய முயல்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் கிழமையில் கைவிட்டுவிடுகிறார்கள். அது ஒரு மொழி என்று கொண்டால்தான் பிடிபடும். டி என்றால் அழி. சீ என்றால் அழித்துவிட்டு எழுதத் தொடங்கு. வை என்றால் நகலெடு. இவை வினைகள். டபிள்யூ என்றால் அடுத்த சொல் வரை. ஐ என்ற எழுத்தோடு மேற்கோள் குறியைச் சேர்த்தால் மேற்கோளுக்குள் இருப்பது. ஐ என்ற எழுத்தோடு பி சேர்ந்தால் முழுப் பந்தி. இவை பெயர்கள். ஐந்து வினையும் பத்துப் பெயரும் தெரிந்தால் ஐம்பது வாக்கியம் அமைக்கலாம். அந்த ஐம்பதையும் தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை. சீ, ஐ, மேற்கோள் குறி என்று மூன்றைத் தட்டினால், வரியில் கர்சர் நிற்கும் இடத்திலோ அதற்கு அப்பாலோ இருக்கும் மேற்கோளுக்குள் உள்ளது முழுவதும் நீங்கி, புதியதை எழுத இடம் திறந்திருக்கும். அதே மாற்றத்தை இன்னோர் இடத்தில் செய்ய அங்கே போய் ஒரு முற்றுப்புள்ளியைத் தட்டினால் போதும். முற்றுப்புள்ளி என்பது கடைசியாகச் செய்த மாற்றத்தை மீண்டும் செய் என்ற கட்டளை. விம்மில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரம் உண்டு என்று யாராவது சொன்னால், இந்தப் புள்ளியைத்தான் காட்டுவேன்.

இங்கே தமிழர்களாகிய எங்களுக்கு ஒரு சிறு இடைஞ்சல் உண்டென்பதை நான் வெகு காலத்துக்குப் பின்னரே அவதானித்தேன். விம்மின் வாக்கியத்தில் வினை முதலில் வருகிறது: 'அழி, சொல்லை.' நாங்கள் 'சொல்லை அழி' என்றே சிந்திப்பவர்கள். எதை என்பதை முன்னே வைத்து, என்ன செய்ய என்பதைக் கடைசியில் சொல்பவர்கள். 2011இல் தொடங்கப்பட்ட ககூன் என்ற எடிட்டரும், அதன் வழியைப் பின்பற்றி 2021இல் வெளிவந்த ஹீலிக்ஸ் என்ற எடிட்டரும் இந்த ஒழுங்கைத் திருப்பிப் போட்டிருக்கின்றன. அவற்றில் முதலில் பகுதியைத் தெரிவுசெய்ய வேண்டும். தெரிவுசெய்தது திரையில் ஒளிரும். அதன் பின்னரே அழிக்கவோ மாற்றவோ சொல்கிறோம். தமிழ் வாக்கிய அமைப்பு அதுவேதான். புதிதாகத் தொடங்கும் ஒருவர் ஹீலிக்ஸைத் தெரிவுசெய்தால் நான் தடுக்க மாட்டேன். பிளக்கின் எதுவும் இல்லாமலேயே பலவற்றைச் செய்யக்கூடியது என்ற நன்மையும் அதற்கு உண்டு. ஆனால் முன்பின் தெரியாத ஒரு சேர்வருக்குள் நுழைந்தால் அங்கே பெரும்பாலும் வீஐ அல்லது விம் இருக்கும், ஹீலிக்ஸ் இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

பழகும் முறைக்கு வருவோம். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் விம்ட்யூட்டர் என்று தட்டினால் ஒரு பாடக் கோப்பு திறக்கும். அதை வாசிப்பதும் திருத்துவதும் ஒரே இடத்தில் நடக்கும். நாம் திருத்துவது ஒரு நகலைத்தான் என்பதால் எதுவும் கெட்டுப்போகாது. அரை மணித்தியாலத்தில் முடியும் பாடம் அது. ஒரு தடவை முடித்துவிட்டு 'தெரிந்துவிட்டது' என்று மூடுவதுதான் பலரும் விடும் தவறு. ஏழு நாட்களுக்கு, நாளுக்கு ஒரு தடவை செய்யுங்கள். நான்காம் நாளிலிருந்து விளக்கத்தை வாசிக்காமலே கை போகத் தொடங்கும். தொடங்கும் கிழமையையும் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். வேலை ஒப்படைக்கும் கிழமையிலோ பரீட்சைக் கிழமையிலோ எடிட்டரை மாற்றுபவர் புதியதை வெறுத்துவிட்டுப் பழையதற்கே திரும்பிவிடுவார். முதல் இரண்டு கிழமையும் வேகம் பாதியாகக் குறையும். அது குறைவதற்கு இடம் இருக்கின்ற கிழமையாகப் பாருங்கள்.

மீண்டும் மீண்டும் வரும் வேலைகளுக்கு மாக்ரோவை, அதாவது தட்டும் கீக்களைப் பதிவுசெய்து மீண்டும் ஓட்டும் வசதியை, பழகினால் கிடைக்கும் மகிழ்ச்சி தனி. ஒரு தடவை, மட்டக்களப்பு மாவட்டத்தின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்களையும் ஓர் இணையப் படிவத்தின் தெரிவுப் பட்டியலுக்காக எழுத வேண்டியிருந்தது. கோறளைப்பற்று வடக்கு தொடங்கிப் போரதீவுப்பற்று வரை, வரிக்கு ஒன்றாகப் பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் மேற்கோள் குறியும் இறுதியில் காற்புள்ளியும் வேண்டும். முதல் வரியில் நின்று க்யூ, ஏ என்று தட்டினால் ஏ என்ற பெயரில் பதிவு தொடங்கும். பெரிய ஐ வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும். அங்கே மேற்கோளைப் போட்டு எஸ்கேப். பெரிய ஏ வரியின் முடிவுக்குக் கொண்டுபோகும். அங்கே மேற்கோளும் காற்புள்ளியும் போட்டு எஸ்கேப். ஜே தட்டி அடுத்த வரிக்கு இறங்கி, மீண்டும் க்யூ தட்டினால் பதிவு நிற்கும். பிறகு 13 என்று எழுதி, அட் குறியையும் ஏயையும் தட்டினேன்; எஞ்சிய பதின்மூன்று பிரிவுகளும் கண் இமைக்குமுன் வரிசைக்கு வந்தன. கடைசிப் பெயரின் பின்னுள்ள காற்புள்ளியை மட்டும் கையால் எடுக்க வேண்டியிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், பதிவுசெய்யும்போது எல்லா வரிகளுக்கும் பொருந்தும் அசைவுகளையே செய்ய வேண்டும். வலப்புற அம்பைப் பன்னிரண்டு தரம் அழுத்தி வரியின் முடிவுக்குப் போயிருந்தால், காத்தான்குடிக்கு அளவாக இருப்பது மண்முனை தென் எருவில் பற்றுக்குப் போதாமற் போயிருக்கும்.

இத்தனையும் எதையும் மாற்றாமலேயே செய்யக்கூடியவை. அமைப்புக் கோப்பை எப்போது தொடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் விதி எளியது: ஒரே விடயம் மூன்று தரம் எரிச்சலூட்டினால் மட்டும் ஒரு வரி. ஒரு தரம் எரிச்சலூட்டியது அன்றைய களைப்பாக இருக்கலாம். இரண்டாம் தரம் வந்தால் உதவிப் பக்கத்தில் தேடிப் பார்ப்பேன். அதற்கான வழி எடிட்டரிலேயே இருந்து, நான்தான் அறியாமல் இருந்தேன் என்பதே பெரும்பாலும் தெரியவரும். மூன்றாம் தரமும் அதே இடத்தில் இடறினால் ஒரு வரியைச் சேர்த்து, அதன் மேலே திகதியையும் காரணத்தையும் தமிழில் குறித்துவைப்பேன். காரணத்தை எழுத முடியாத வரி என் கோப்பில் இருக்கக் கூடாது. கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் கிட் என்ற நிரல் மூலம் அந்தக் கோப்பை இணையத்தில் வைத்திருப்பதால், மடிக்கணினி பழுதாகிப் புதியது வாங்கினாலும் பத்து நிமிடத்தில் பழைய கைப்பழக்கத்துக்குத் திரும்பிவிடலாம்.

என் கோப்பின் மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று 2022 மார்ச் மாதத்துக்குரியது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல் நாடு தவித்த அந்த நாட்களில், மாதக் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. என் மடிக்கணினியின் பற்றரி அப்போதே செத்திருந்தபடியால், மின்சாரம் நின்ற கணத்தில் கணினியும் நிற்கும். அப்போதுதான் ஸ்வாப் கோப்பின் அருமை தெரிந்தது. திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில், புள்ளியில் தொடங்கும் பெயருடன் மறைவான ஒரு கோப்பை விம் வைத்திருக்கும். 200 எழுத்துகள் தட்டியதும், அல்லது தட்டாமல் நான்கு வினாடி இருந்ததும், அதுவரை செய்த மாற்றங்களை அதில் எழுதிவிடும். மின்சாரம் வந்தபின் அதே கோப்பைத் திறந்தால் ஈ325 என்ற எண்ணோடு நீண்ட எச்சரிக்கை ஒன்று தோன்றும். பலர் அதைக் கண்டு பயந்து, என்ன என்று வாசிக்காமல் ஏதோ ஒரு கீயைத் தட்டிவிடுகிறார்கள். ஆர் என்ற எழுத்தைத் தட்டினால் இழந்தது மீளும். மீண்டதைச் சேமித்துச் சரிபார்த்த பின்னர்தான் ஸ்வாப் கோப்பை அழிக்க வேண்டும், அழிக்காவிட்டால் அடுத்த முறையும் அதே எச்சரிக்கை வரும்.

ஸ்வாப் கோப்பு எழுத்தை மீட்கும். ஆனால் நேற்றுச் செய்த மாற்றத்தை இன்றைக்கு ரத்துச்செய்ய அது உதவாது. அதற்குரியது அன்டூஃபைல் என்ற அமைவு. அதை இயக்கி, அந்தக் கோப்புகள் சேர்வதற்கு ஒரு தனி ஃபோல்டரையும் காட்டிவிட்டால், கணினியை நிறுத்தி மூன்று நாட்களின் பின்னர் திறந்தாலும் யூ என்ற கீ பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அந்த மார்ச் மாதக் குறிப்பு இந்த வரிக்குரியது. புதிதாகத் தொடங்கும் எவரிடமும் மூன்று தரம் எரிச்சலடையும்வரை காத்திராமல் முதல் நாளே போடுங்கள் என்று நான் சொல்லும் வரி இது ஒன்றுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தேடும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விட்டுவிடவும், நாமே பெரிய எழுத்தைத் தட்டினால் மட்டும் பார்க்கவும் இக்னோர்கேஸ், ஸ்மார்ட்கேஸ் என்ற இரண்டையும் சேர்த்தே இட வேண்டும். பின்னையது மட்டும் இருந்தால் ஒன்றும் நடக்காது. கர்சர் நிற்கும் வரியிலிருந்து எத்தனை வரி மேலே, எத்தனை வரி கீழே என்று காட்டும் சார்பு எண்கள், எண்ணோடு சேர்த்துக் கட்டளை தட்டுவோருக்கு உதவும். கேப்ஸ்லொக் கீயை எஸ்கேப்பாக மாற்றுவது எடிட்டரில் செய்ய வேண்டிய வேலையன்று. இயங்குதளத்தில் செய்தால் எல்லா இடத்திலும் பயன்படும். புதிய கீக் குறுக்குவழிகளை எழுதும்போது வெறும் மேப் என்று எழுதாமல் நோரீமேப் என்ற வகையைப் பயன்படுத்துங்கள். முதல் வகையில், ஒரு குறுக்குவழிக்குள் இன்னொரு குறுக்குவழி விரிந்து, அது மீண்டும் முதலாவதை அழைத்து, எடிட்டர் தன் வாலைத் தானே துரத்தும் நிலை வரக்கூடும்.

எடிட்டர் திடீரென்று கோளாறு செய்தால், கிளீன் என்ற தெரிவோடு அதைத் திறந்து பாருங்கள். நம் அமைப்புகள் எதையும் வாசிக்காமல் அது திறக்கும். அப்போதும் கோளாறு இருந்தால் நம் கோப்பில் குற்றமில்லை. இல்லையென்றால் கோப்பின் பாதியை எடிட்டர் பொருட்படுத்தாத குறிப்பு வரிகளாக மாற்றி முடக்கி, எந்தப் பாதியில் கோளாறு என்று கண்டு, அந்தப் பாதியை மேலும் பாதியாக்கிக்கொண்டு போக வேண்டும். 800 வரியில் பத்துத் தரம் பிரிப்பதற்குள் குற்றவாளி அகப்படுவான். பத்து வருடங்களுக்கு முன் அந்த இரவில் இதை யாராவது சொல்லித் தந்திருந்தால் எனக்கு நித்திரையாவது மிஞ்சியிருக்கும்.

பிளக்கின்களுக்கு நான் எதிரியல்ல. என்னிடம் நான்கு இருக்கின்றன. ஆனால் அவற்றுள் மிகவும் பயனுள்ளது எது, ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு நிரல்மொழிக்கும் தனித்தனியே இணைப்பு எழுத வேண்டியிருந்தது. பத்து எடிட்டர், பத்து மொழி என்றால் நூறு இணைப்பு. 2016இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட லாங்குவேஜ் சேர்வர் புரோட்டோகால் என்ற பொது ஒழுங்கு, இதை இருபதாகக் குறைத்தது: மொழிக்கு ஒரு சேர்வர், எடிட்டருக்கு ஓர் இணைப்பு. மைக்ரோசொஃப்டின் எடிட்டராகிய விஎஸ் கோட்டுக்காகப் பிறந்த இந்த ஒழுங்குதான் இன்று விம்முக்கும், ஈமாக்ஸ் என்ற இன்னொரு பழைய எடிட்டருக்கும் பிழை காட்டுவதையும் பெயர் மாற்றுவதையும் வரைவிலக்கணத்துக்குப் பாய்வதையும் கொடுக்கிறது. ஆகவே விஎஸ் கோட்டில் வேலை செய்பவர்களை ஏளனமாகப் பார்க்கும் விம் அன்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விஎஸ் கோட்டிலேயே இருக்க விரும்புபவர் கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் அழுத்தித் திறக்கும் கட்டளைப் பெட்டியிலிருந்து தொடங்கட்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் அருகில் அதன் குறுக்குவழி காட்டப்படும். நாளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே ஒரு மாதத்தில் மௌஸைத் தொடும் தேவை வெகுவாகக் குறைந்துவிடும்.

தமிழில் எழுதுவது பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் பக்கத்து வாசகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். விம்மில் தமிழ் விசைப்பலகையை இயங்குதளத்தில் இயக்கிவிட்டால், எஸ்கேப் அழுத்திய பின்னரும் கீக்கள் தமிழ் எழுத்தையே அனுப்புவதால் கட்டளை ஒன்றும் வேலை செய்யாது. இதற்கு விம்மிலேயே கீமேப் என்ற வசதி உண்டு. எழுதும் நிலையில் மட்டும் தமிழ் வரும். கட்டளை நிலைக்கு வந்ததும் கீக்கள் பழையபடி ஆங்கிலமாகிவிடும். விம்மோடு வரும் தமிழ்க் கீமேப் டிஸ்கி என்ற பழைய குறியேற்றத்துக்குரியது. யூனிகோடுக்கு அது பொருந்தாது. ஆகவே என் விரல்களுக்குப் பழகிய பாமினி வரிசையில் நானே ஒன்றை எழுதினேன்.

அங்கேதான் எங்கள் எழுத்துமுறை தன் குணத்தைக் காட்டியது. பாமினியில் கொம்பை முதலில் தட்டி மெய்யைப் பின்னர் தட்டுவோம். யூனிகோடில் மெய் முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படும். ஆகவே 18 மெய்களுக்கும் எகர, ஏகார, ஐகார வரிசைகள் மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது: 54 வரிகள். ஒகர, ஓகார வரிசைகளுக்கு இன்னும் 36. 'கெ' வந்தபின் கால் தானே சேர்ந்து 'கொ' ஆகிவிடாதா என்று முதலில் அந்த முப்பத்தாறையும் விட்டுவிட்டேன். திரையில் 'கொ' சரியாகவே தெரிந்தது. ஆனால் உள்ளே அது இரண்டு குறிகளாகச் சேமிக்கப்பட்டதால், 'கொக்கட்டிச்சோலை' என்று தேடியபோது கண்ணுக்கு முன்னால் இருந்த சொல்லையே 'இல்லை' என்றது விம். ஔகாரத்தை வேண்டுமென்றே விட்டேன்; பாமினியில் 'கௌ'வுக்கும் 'கெள'வுக்கும் ஒரே கீக்கள்தான், எதை நினைத்தேன் என்று எந்த எடிட்டராலும் கண்டுபிடிக்க முடியாது. தொண்ணூறு வரிகளையும் கையால் எழுதவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேலே சொன்ன மாக்ரோதான்.

ஆயினும் நீண்ட தமிழ்க் கட்டுரைகளை நான் விம்மில் எழுதுவதில்லை. டெர்மினல் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள கட்டங்களைக் கொடுப்பது; 'ஞௌ' போன்றவை அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஈமாக்ஸ் 2020இல் வெளிவந்த 27ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நிரலைப் பயன்படுத்துவதால், தன் சொந்தச் சாளரத்தில் தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது. தமிழ்99 உள்ளீட்டு முறையும் அதற்குள்ளேயே உண்டு; கொன்ட்ரோலோடு பின்சாய் கோட்டை அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மாறலாம். ஒரு கீ என்ன செய்கிறது என்று அந்தக் கீயையே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி, அதாவது கொன்ட்ரோலும் எச்சும், பின்னர் கே, அதன்பின் ஐயமுள்ள கீ, எல்லா எடிட்டர்களும் ஈமாக்ஸிடம் கற்க வேண்டிய ஒன்று.

மருமகனின் 800 வரிக் கோப்பை அன்றைக்கே வேறு பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் கோப்பில் அன்டூஃபைல் வரியை மட்டும் இட்டு அனுப்பிவைத்தேன். போன சனிக்கிழமை மீண்டும் வந்தான். கோப்பில் ஒன்பது வரிகள் இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் தமிழில் காரணம் இருந்தது. ஏழாவதாக இருந்தது லைன்பிரேக் என்ற அமைவு. நீண்ட வரி திரையின் ஓரத்தில் மடியும்போது சொல்லை நடுவில் வெட்டாமல், இடைவெளியில் மடிக்கச் செய்வது. அதன் மேலே அவன் எழுதியிருந்த காரணம்: 'மூண்டு நாளா என்ர பேரையே ரெண்டாப் பிளந்து காட்டுது.' அப்படி ஒரு வரி என் கோப்பில் இருக்கவில்லை. அவன் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அதை எடுத்து என் கோப்பில் இட்டேன். காரணத்தையும் அவனுடைய சொல்லிலேயே விட்டுவைத்தேன்.